காலி பாட்டில்கள் திரும்பும் வழி

அவளுடைய லோடு ஆட்டோ தெருமுனையில் திரும்பும் முன்பே சத்தம் முந்திக்கொண்டு வந்துவிடும். பாட்டில்கள் ஒன்றோடொன்று உரசிப் பேசிக்கொள்ளும் சத்தம். அதைக் கேட்டதும் கடைக்காரர்கள் காலிப் பெட்டி எங்கே என்று தேட ஆரம்பிப்பார்கள். யாரோ ஒருவர் விளையாட்டாகக் 'கலகலக்கா' என்று கூப்பிட, அந்தப் பெயர் ஊர் முழுக்க ஒட்டிக்கொண்டது. ஆனால் பெயருக்கும் ஆளுக்கும் ஏணி வைத்தாலும் எட்டாது. கலகலக்கா லேசில் சிரிக்கமாட்டாள். "அக்கா வாயைத் திறந்தா உள்ள இருக்கிற கேஸ் போயிடும், அதான் மூடியே வச்சிருக்கு" என்று கடைவீதியில் கிண்டல் உண்டு.

வண்டி ஓட்ட வேண்டும் என்று அவள் ஒருநாளும் ஆசைப்பட்டதில்லை. ஓட்டிக்கொண்டிருந்தவர் அவள் கணவர். நிறைந்த பெட்டி ஒன்றைத் தூக்கித் திரும்பும்போது அவருக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. பிடித்தது பிடித்ததுதான். பாரம் தூக்கக் கூடாது, குலுங்கும் வண்டியில் உட்காரவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அன்றிலிருந்து அவர் கொட்டகையின் ஓரத்தில், தொட்டிக்குப் பக்கத்தில் முதுகுக்கு முட்டுக் கொடுத்த ஒரு நாற்காலியில் உட்கார்ந்து பாட்டில் கழுவுகிறார். சாவி அவள் கைக்கு வந்தது. முதல் வாரம் பின்னால் எடுக்கிறேன் என்று முனைக்கடையின் வெங்காய மூட்டைமேல் ஏற்றினாள். இரண்டாவது வாரம் அந்தக் கடைக்காரரே, "அக்கா வர்றாங்க, மூட்டையை உள்ள இழு" என்று முன்னெச்சரிக்கையாக இருந்துகொண்டார். அதற்குப் பிறகு அவள் எதன் மேலும் ஏற்றவில்லை.

சோடா போடுவது கணவரின் தங்கை. கொட்டகை அவளுடையது, மூடி போடும் மிஷின் அவளுடையது, எலுமிச்சையும் இஞ்சியும் எவ்வளவு சேர வேண்டும் என்ற கணக்கு அவள் நாக்கில் இருந்தது. நாத்தனார் நிறைப்பாள், அண்ணி கொண்டுபோவாள், அண்ணன் கழுவுவார். மூன்று பேர்தான் மொத்தத் தொழிற்சாலையும்.

இந்தத் தொழிலில் வெளியாட்களுக்குப் புரியாத விஷயம் ஒன்று உண்டு. சோடா தீர்ந்துபோனால் நாளைக்குப் போட்டுக்கொள்ளலாம். பாட்டில் தீர்ந்துபோனால் முடியாது. கொட்டகையில் இருக்கிற பாட்டில்கள் இவ்வளவுதான் என்று அளவு உண்டு. போன பாட்டில் காலியாகித் திரும்பி வந்தால்தான், கழுவி, நிறைத்து, மறுபடி அனுப்ப முடியும். "பாட்டில்தான் அண்ணி நம்ம முதல். உள்ள இருக்கிற சோடா அதோட வட்டி" என்பாள் நாத்தனார். புகுந்த வீட்டில் கலகலக்கா கேட்டுக்கொண்ட முதல் பாடமே அதுதான். கேட்டுக்கொண்டாள், அவ்வளவுதான். மனசில் இறங்க ஒரு கோடைக்காலம் தேவைப்பட்டது.

அந்தக் கோடையின் தொடக்கத்தில் ஊருக்குள் சிவப்பு பிரிட்ஜுகள் வந்தன. பெரிய கம்பெனி ஒன்று கடைகளுக்குச் சும்மாவே கொடுத்தது. அதுவரை சோடாவைக் குளிர வைத்த பழைய பிரிட்ஜுகளைக் கடைக்காரர்கள் வந்த விலைக்கு விற்றுவிட்டார்கள். கண்ணாடிக் கதவு, உள்ளே விளக்கு, நெற்றியில் கம்பெனியின் பெயர். முனைக்கடைக்காரர் அதற்குச் சந்தனம் பூசாத குறைதான், அப்படித் துடைத்து வைத்திருந்தார்.

"அக்கா, கோவிச்சுக்காதீங்க" என்றார். "உள்ள அவங்க பாட்டிலைத் தவிர வேற எதையும் வைக்கக் கூடாதாம்."

"நம்ம பாட்டில் என்ன, பக்கத்துல இருக்கிறதைக் கடிக்கவா போகுது?"

"ஆள் வந்து எட்டிப் பாக்கிறான்க்கா. என் வீட்டுக்காரி ஒரு பால் பாத்திரத்தை வச்சிட்டா. அதுக்கே பிரிட்ஜைத் தூக்கிட்டுப் போயிடுவேன்னு மிரட்டிட்டுப் போறான்."

கலகலக்காவுக்கு ரோஷம் வந்தது. உள்ளே இடமில்லையா, வெளியே வைக்கிறேன். ஒரு பெட்டி வைக்கிற இடத்தில் நாலு பெட்டி. கண்ணில் பட்டால்தானே கை நீளும்? ஒவ்வொரு கடை வாசலிலும் பெட்டிமேல் பெட்டியாகச் சுவர் மாதிரி அடுக்கினாள். கடைக்காரர்களும் பிரிட்ஜ் விஷயத்தில் மனசு உறுத்தியதால் வேண்டாம் என்று சொல்லவில்லை. நாத்தனாரும் தன் பங்குக்குப் பேருந்து நிலையத்துக்கு எதிர்ச்சுவரில் விளம்பரம் எழுத ஏற்பாடு செய்தாள். ஓவியர் பூசணிக்காய் அளவுக்கு ஓர் எலுமிச்சம்பழம் வரைந்து, அதன்மேல் பனித்துளிகளையும் தெளித்து வைத்தார். பார்க்கிறவர்களுக்கு நாக்கு வறண்டது.

சில நாட்களில் கொட்டகை துடைத்துவிட்டது போலக் காலியானது. நாத்தனாருக்குக் கால் தரையில் பாவவில்லை. "பாத்தியா அண்ணி? போட்டிக்கு ஆள் வந்தாத்தான் நம்ம பவுசு தெரியுது!"

கொட்டகை காலியானதை விற்பனை என்று நினைத்தார்கள். அது இந்தத் தொழிலில் யாரும் எளிதில் செய்யக்கூடிய தப்பு. அனுப்பிய சரக்கு விற்ற சரக்கு ஆகாது. அது கடை வாசலில் வெயில் காய்ந்துகொண்டிருந்தது. சுவரில் பனித்துளி வைத்த எலுமிச்சையைப் பார்த்துவிட்டுக் கடைக்கு வந்த ஓர் அம்மாள், வெளியே இருந்த பாட்டிலை வாங்கித் திறந்து ஒரு வாய் குடித்துவிட்டுக் கடைக்காரரிடமே திருப்பி நீட்டினாள்.

"என்னய்யா இது, வெந்நீர்ல எலுமிச்சம்பழம் பிழிஞ்ச மாதிரி இருக்கு?"

அதை வண்டியிலிருந்தபடி கலகலக்கா தன் காதாலேயே கேட்டாள். விளம்பரம் ஆளைக் கடை வரைக்கும் கூட்டிவந்தது. வந்த ஆளைச் சூடான பாட்டில் பிரிட்ஜ் பக்கம் தள்ளிவிட்டது. காசு கொடுத்து அடுத்தவனுக்குக் கிராக்கி பிடித்துக் கொடுத்திருக்கிறோம் என்று அவளுக்கு உறைத்தது.

அடுத்த வாரம் கணவர் தொட்டிக்குப் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தொட்டியில் தண்ணீர் இருந்தது. பாட்டில் இல்லை.

"கழுவறதுக்கு ஒண்ணும் இல்லையே. வேணும்னா உன் முகத்தைக் குடு, கழுவி விடறேன். ஒரு வாரமா அப்படித்தான் இருக்கு" என்றார்.

மிஷின் நின்றிருந்தது. நாத்தனார் எலுமிச்சை மூட்டையைத் திறந்து பார்ப்பதும் மூடுவதுமாக இருந்தாள். பழம் சுருங்க ஆரம்பித்திருந்தது. இருந்த பாட்டில்கள் அத்தனையும் நிறைந்தபடி ஊரெல்லாம் நிற்கின்றன. குடிக்க ஆளில்லை. குடிக்காத பாட்டில் காலியாகாது. காலியாகாத பாட்டில் வீடு திரும்பாது.

சாயங்காலம் நாத்தனார் மெதுவாகச் சொன்னாள்: "மிஷினை வித்துடலாம் அண்ணி. பழைய மிஷின் வாங்குறவர் ஒருத்தர் இருக்காரு. மாசக் கடைசியில வந்து பாக்கிறேன்னிருக்காரு. எனக்கு அந்தக் கம்பெனி குடோன்லயே வேலை இருக்காம். உனக்கு வண்டி ஓட்டத் தெரியும், எங்கேயும் பொழைச்சுக்குவே."

அவள் அண்ணனைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாமல் விட்டதுதான் கலகலக்காவின் காதில் பெரிதாக விழுந்தது. உட்கார்ந்தபடி, தன் இஷ்டத்துக்கு எழுந்து நடந்து, வலித்தால் நிறுத்திச் செய்கிற வேலை அவருக்கு இனி எந்த இடத்தில் கிடைக்கும்? இடுப்பு பிடித்த முதல் மாதங்களில் அவர் சுவரைப் பார்த்துப் படுத்திருந்ததை அவள் மறக்கவில்லை. பாட்டில் கழுவத் தொடங்கிய பிறகுதான் அவர் வாய்க்குக் கிண்டலே திரும்பி வந்தது.

மறுநாள் ஒரே ஒரு காலிப் பெட்டியோடு வந்தாள். பெட்டியைப் பார்த்ததும் கணவர், "மார்க்கெட் ரோட்டுக் கடைதானே?" என்றார்.

"எப்படித் தெரியும்?"

"நூல். அந்தக் கடைப் பெட்டியில எப்பவும் அடியில நூல் கிடக்கும். பிரஷ்ல சுத்திக்கிட்டு உயிரை வாங்கும். வருஷக்கணக்காச் சொல்றேன், யாரு காதுல வாங்கினீங்க? பஸ் ஸ்டாண்டுப் பெட்டின்னா முடி. கசகசன்னு வெட்டின முடி. மேட்டுத்தெருவுது கழுத்தெல்லாம் கிரீஸ், சோடா உப்புப் போட்டுத் தேய்ச்சாலும் போகாது. அங்க யாருதான் குடிக்கிறானோ, கையைக் கழுவிட்டுக் குடிக்கக் கூடாதா?"

அவர் புலம்பிக்கொண்டேதான் இருந்தார். கலகலக்கா பெட்டியைக் கவிழ்த்து, ஈரத்தில் ஒட்டிக் கிடந்த நூலை விரலால் எடுத்துப் பார்த்தாள். நீலம், பழுப்பு, வெள்ளை. மளிகைக் கடையில் ஏது நூல்? வண்டியை மறுபடி எடுத்தாள்.

"சாப்பிட்டுப் போயேன்!" என்றார் கணவர்.

"வந்து சாப்பிடறேன். நூலைத் தூக்கிப் போட்டுடாதீங்க."

மார்க்கெட் ரோட்டில் கடைக்கு எதிர்ப்பக்கம் வண்டியை நிறுத்திவிட்டுப் பார்த்தாள். பக்கத்துத் தையற்கடையிலிருந்து கழுத்தில் டேப் தொங்க ஒருவர் வந்தார். வாசலில் அடுக்கியிருந்த பாட்டில் ஒன்றைத் தொட்டுப் பார்த்தார். கையை எடுத்துக்கொண்டார். பிரிட்ஜைப் பார்த்தார், விலையைப் பார்த்தார், வெறுங்கையோடு திரும்பிப் போனார். கலகலக்கா அவர் பின்னாலேயே தையற்கடைக்குள் நுழைந்தாள்.

"என்னண்ணே, நம்ம சோடாவை விட்டுட்டீங்களா?"

"நாங்க விடலம்மா. ஜில்லுங்கிறது உங்க சோடாவை விட்டுடுச்சு" என்றார் டெய்லர். "முன்னெல்லாம் தினமும் எடுப்போம். எங்களுக்கு மட்டுமா? துணி வாங்க வந்து உட்கார்ந்திருக்காங்க பாருங்க, 'இன்னும் பட்டன் வைக்கலையா, நேத்தே தரேன்னியே'ன்னு கத்துவாங்க. கையில ஒரு சோடாவைக் குடுத்துட்டா, கத்துற வாய்க்கு வேற வேலை வந்துடும்."

பெஞ்சில் காத்திருந்த பெரியவர், "இப்பக்கூடக் கத்தலாம்னுதான் இருக்கேன், தொண்டை வறண்டு போச்சு" என்றார்.

கலகலக்கா அந்தப் பெஞ்சையே பார்த்துக்கொண்டு நின்றாள். இத்தனை வருஷமாகக் கடைக்காரர்தான் தன் வாடிக்கைக்காரர் என்று நினைத்திருந்தாள். அவர் நடுவில் நிற்கிற ஆள். குடிக்கிறவர்கள் இதோ பெஞ்சில் இருக்கிறார்கள். தையற்கடையில் துணிக்குக் காத்திருக்கிறவர்கள், சலூனில் முறைக்குக் காத்திருக்கிறவர்கள், மெக்கானிக்கிடம் வண்டியை விட்டுவிட்டுக் கல்லில் உட்கார்ந்திருக்கிறவர்கள். காத்திருக்கிறவனுக்குத்தான் தாகம் அதிகம். அந்த இடங்களுக்குச் சிவப்பு பிரிட்ஜ் வரவில்லை. அரைப் பெட்டி சரக்குக்காகப் பெரிய கம்பெனியின் லாரி சந்துக்குள் திரும்பாது. தன் மூன்று சக்கரம் திரும்பும்.

வீட்டில் சொன்னதும் நாத்தனார் எகிறினாள். அண்ணி சொன்ன புது இடங்கள் அவளுக்குப் பிடித்தன. ஆனால் அங்கே கொடுக்கப் பாட்டில் வேண்டுமே; அதற்குக் கடைகளில் நிற்கிற சரக்கைத் திரும்ப எடுக்க வேண்டும் என்றதுதான் பிடிக்கவில்லை.

"அனுப்பின சரக்கைத் திரும்ப ஏத்திட்டு வர்றதா? ஊரு என்ன பேசும்? கட்டிக்கொடுத்த பொண்ணைத் திரும்பக் கூட்டிட்டு வர்ற மாதிரி இருக்கு அண்ணி."

"வெயில்ல நிறுத்திக் கொடுமைப்படுத்தினா கூட்டிட்டுத்தான் வரணும்."

கணவர் தொட்டியில் தட்டிச் சிரித்தார். நாத்தனாருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. கலகலக்கா மட்டும் சிரிக்கவில்லை. கயிற்றை எடுத்துக்கொண்டு வண்டிக்குப் போய்விட்டாள்.

திரும்ப எடுப்பது சுலபமாக இல்லை. "என்னக்கா, கடையைக் காலி பண்றீங்களா?" என்று முனைக்கடைக்காரர் எல்லாருக்கும் கேட்கும்படி கேட்டார். வெயிலில் கெட்டவற்றைக் கொட்டிவிட்டு நாத்தனார் புதிதாக நிறைத்தாள். மீன் வியாபாரிகள் கழித்துப்போட்ட தெர்மகோல் பெட்டிகளைக் கொண்டுவந்து கணவர் சோப்புப் போட்டு, வெயிலில் வைத்து, மறுபடி சோப்புப் போட்டு, வாசனை போகும்வரை விடவில்லை. ஐஸ் தொழிற்சாலையில் உடைந்த பாளங்கள் சல்லிசாகக் கிடைத்தன.

முதல் நாள் சொதப்பல். வழக்கம்போலப் பக்கத்துத் தெருவில் தொடங்கித் தூரத்துக்குப் போனாள். கணவர் ஓட்டிய காலத்திலிருந்து அதுதான் வழி. கடைசியில் இருந்த மெக்கானிக் ஷெட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது பெட்டிக்குள் ஐஸ் இல்லை, குளம்தான் இருந்தது. லேபிள்கள் கழன்று மேலே மிதந்தன.

மெக்கானிக் எட்டிப் பார்த்தார். "அக்கா, சோடா விக்க வந்தீங்களா, மீன் பிடிக்க வந்தீங்களா?"

திரும்பி வரும் வழியில்தான் அவளுக்குப் பட்டது. ஐஸ் தொழிற்சாலை இருப்பது மெக்கானிக் ஷெட்டுக்குப் பின்பக்கத் தெருவில். காலையில் அங்கே போய் ஐஸை ஏற்றிக்கொண்டு, ஊருக்கு இந்தப் பக்கம் வந்து, கடைசியில் மறுபடி அங்கேயே போயிருக்கிறாள். பழகின தடம் என்பதற்காக மாடு செக்கைச் சுற்றுகிற கதை. மறுநாள் வழியைத் தலைகீழாக்கினாள். மெக்கானிக் முதலில், தையற்கடை நடுவில், வீட்டுப் பக்கத்துச் சலூன் கடைசியில். அதற்கேற்ப வண்டி அடுக்குவதும் மாறியது. கடைசியாக இறங்க வேண்டிய பெட்டி முதலில் ஏறி உள்ளே போனது. ஐஸ் சலூன் வரைக்கும் தாங்கியது.

ஒரு விதியையும் வைத்தாள். ஒரு இடத்துக்கும் அரைப் பெட்டிக்கு மேல் கிடையாது. காலியைக் கையில் கொடுத்தால்தான் நிறைந்தது கிடைக்கும். சலூன்காரர் முதல் நாளே ஒரு பாட்டிலில் துளையிட்ட மூடியைப் போட்டுத் தலைக்குத் தண்ணீர் தெளிக்க வைத்துக்கொண்டார்.

"ஒரே ஒரு பாட்டில்க்கா! அதுக்குப் போயி..."

"ஒண்ணு குறைஞ்சா ஒண்ணு குறையும். உங்க தலைக்குத் தெளிச்சா உங்க தொண்டைக்கு இல்லை."

பாட்டில் அடுத்த நாள் திரும்பி வந்தது, கொஞ்சம் முடியோடு.

மெதுவாகத்தான் மாறியது. சில இடங்களில் எடுபடவில்லை. ஒரு மருத்துவமனை வாசலில் கம்பவுண்டர், "இங்க எல்லாரும் இருமிக்கிட்டு உட்கார்ந்திருக்காங்க, ஜில்லுன்னு சோடாவா? டாக்டர் வேணா உங்களுக்கு நன்றி சொல்லுவாரு" என்று அனுப்பிவிட்டார். அது நியாயம்தான் என்று அவளும் வண்டியைத் திருப்பினாள். ஆனால் தையற்கடைக்குப் பக்கத்திலிருந்த சைக்கிள் கடை தானாகவே கேட்டது. செருப்புத் தைக்கிறவர் கேட்டார். காலையில் போன பாட்டில் சாயங்காலம் காலியாகி வந்தது. மறுநாள் காலை நிறைந்து வெளியே போனது. முன்பு ஊருக்குப் போய்ப் படுத்துக்கொண்டிருந்த பாட்டில், இப்போது ஓயாமல் நடந்தது. கொட்டகையில் மிஷின் சத்தமும் தொட்டியில் பிரஷ் சத்தமும் விடியும்போதே ஆரம்பித்தன.

ஒரு நாள் முனைக்கடைக்காரர் வண்டியைக் கைநீட்டி நிறுத்தினார்.

"என்னக்கா, என்னை மட்டும் ஒதுக்கி வச்சிட்டீங்க? தையக்கடைக்காரரு குடுக்கிற ஜில்லு சோடாவை நான் ஏன் குடுக்க முடியலைன்னு என் வீட்டுக்காரியே கேக்கிறா."

"உங்ககிட்டத்தான் பிரிட்ஜ் இருக்கே?"

"உள்ள வைக்கக் கூடாதுன்னுதானே சொல்லியிருக்கான்? பக்கத்துல ஒரு தெர்மகோல் பெட்டி இருக்கக் கூடாதுன்னு சொல்லலையே!" என்று குரலைத் தாழ்த்தினார். "அந்தப் பால் பாத்திரத்தையும் அதுலயே வச்சுக்குவேன்."

அவள் அரைப் பெட்டி இறக்கினாள். அவர் முகம் தொங்கியது. "இவ்வளவுதானா? முன்னாடி நாலு பெட்டி இறக்குவீங்களே?"

"காலி வரட்டும், மறுபடி தரேன்."

மாசக் கடைசியில், சொன்னபடியே பழைய மிஷின் வாங்குகிறவர் வந்தார். அவர் வரப்போவதை மூன்று பேரும் மறக்கவில்லை. ஆனால் யாரும் பேச்சை எடுக்கவும் இல்லை. ஒரு நல்ல மாசம் ஒரு தொழிலைக் காப்பாற்றிவிடும் என்று சொல்ல யாருக்கும் துணிவில்லை. கலகலக்கா அன்று வேண்டுமென்றே சுற்றைச் சீக்கிரம் முடித்துக்கொண்டு வந்திருந்தாள். வந்தவர் கொட்டகை வாசலில் நின்று என்னவோ கேட்டார். மிஷின் ஓடிக்கொண்டிருந்ததால் ஒன்றும் கேட்கவில்லை.

"நிறுத்துங்கம்மா, பாக்கணும்!" என்று கத்தினார்.

"கொஞ்சம் இருங்க. இந்த வரிசை முடியட்டும்" என்று நாத்தனாரும் கத்தினாள்.

உட்காரச் சொல்லி ஒரு ஜில்லென்ற இஞ்சி சோடாவைக் கையில் கொடுத்தார்கள். அவர் காத்திருந்தார். காத்திருக்கிறவர் எல்லாரும் செய்வதைப் போலவே குடித்தார், ஏப்பம் விட்டார், இன்னொன்று கிடைக்குமா என்பதுபோல் பார்த்தார். வரிசை முடிந்தது. நாத்தனார் மிஷினை நிறுத்தினாள். கணவர் பிரஷைக் கீழே வைக்காமல் பிடித்துக்கொண்டே தங்கையைப் பார்த்தார்.

நாத்தனார் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டாள். மிஷினைப் பார்த்தாள். அடுக்கிக் கிடந்த பெட்டிகளைப் பார்த்தாள். பாதிப் பெட்டிகள்தான் நிறைந்திருந்தன, மீதியை நிறைக்கப் பாட்டில் போதவில்லை.

"ஏங்க, நீங்க மூடின கம்பெனி சாமானெல்லாம் எடுப்பீங்கல்ல?" என்று கேட்டாள். "பழைய சோடா பாட்டில் ஏதாவது கிடக்கா?"

அவர் விழித்தார். "பாட்டிலா? குடோன்ல ஒரு மூலை பூரா கிடக்கு. தூசிதான். நான் மிஷின் வாங்கத்தானே வந்தேன்..."

"மிஷினுக்கு இப்ப நேரமில்லை. பாட்டில் எப்ப அனுப்புவீங்க?"

தொட்டிப் பக்கமிருந்து ஒரு பெருமூச்சு வந்தது. "ஒரு மூலை பூராவா? அதுவும் தூசியோடவா?" கணவர் இடுப்பில் கைவைத்துக்கொண்டு நிமிர்ந்தார். "நீங்க ரெண்டு பேரும் சேர்ந்து என் கையை ஊறவச்சு ஊறுகா போடப் போறீங்க."

கலகலக்கா அப்போது சிரித்துவிட்டாள். முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் சிரித்தாள். ஆனால் மிஷின் நின்றிருந்ததால் அது எல்லாருக்கும் கேட்டது.

"நாளைக்கே நான் வண்டியோட வரேன்" என்றாள் வந்தவரிடம். "குடோன் எந்தப் பக்கம்? ஐஸ் தொழிற்சாலைக்கு முன்னாடியா, பின்னாடியா?"